மிளகுக்குச் சரி, ஜிம்மிக்கு வேண்டாம்: ஒரு கிளினிக்கின் ஓராண்டு ஆரோக்கியத் திட்டம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஏழெட்டு வயது தாண்டிய பூனை இருந்தாலோ, புதிதாக ஒரு குட்டி வந்திருந்தாலோ, கால்நடை கிளினிக்குகள் விற்கும் ஓராண்டு ஆரோக்கியத் திட்டம் வாங்கத் தகுந்ததுதான். திடமாக ஓடியாடுகிற நடுவயது நாய்க்கு வாங்குவது வீண். போன வருடம் எங்கள் வீட்டில் இரண்டுக்கும் வாங்கினோம்: ஒன்பது வயதுக் கறுப்புப் பூனை மிளகு, நான்கு வயது நாய் ஜிம்மி. இப்போது புதுப்பிக்கச் சொல்லி மெசேஜ் வர ஆரம்பித்திருக்கிறது. அதற்கு முன் ஒரு தடவை வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் பிழைப்பே கணக்கு எழுதுவதுதான்.

கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. எனக்கு இருக்கும் குறைகளில் பெரும்பாலானவை திட்டத்தின் அமைப்பைப் பற்றியவை. இதே அமைப்பில்தான் பல இடங்களிலும் விற்கிறார்கள். அது தவிர, உள்ளே இருக்கும் டாக்டர் மிக நல்லவர். முன்மேசையின் குளறுபடிக்கு அவர் பெயர் கெடக் கூடாது.

திட்டத்தில் என்னென்ன உண்டு? வருடத்துக்கு இரண்டு முழு உடல் பரிசோதனை, தடுப்பூசிகள், குடற்புழு மருந்து, உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்குமான மருந்து, ஒரு தடவை ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும், ஒரு தடவை பல் சுத்தம், மற்ற சிகிச்சைகளில் கொஞ்சம் தள்ளுபடி. இதற்கான பணத்தை மாதத் தவணையாகக் கட்ட வேண்டும். இது இன்ஷூரன்ஸ் அல்ல. கால் முறிந்தாலோ, எதையாவது விழுங்கி ஆபரேஷன் வரை போனாலோ இந்தத் திட்டம் உதவிக்கு வராது. வருமுன் காப்பதற்கு மட்டும்தான். சேரும்போது பலரும் இதைச் சரியாகக் கேட்டுக்கொள்வதில்லை, விற்பவர்களும் அழுத்திச் சொல்வதில்லை.

விளம்பரத் தாளில் ஒரு கணக்கு போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கினால் இவ்வளவு, திட்டத்தில் சேர்ந்தால் இவ்வளவு, ஆகவே உங்களுக்கு இவ்வளவு மிச்சம் என்று. அதை அப்படியே நம்ப வேண்டாம். அந்தப் பட்டியலில் நீங்கள் எப்படியும் வாங்கியிருக்கப் போகிறவை எவை என்று டிக் அடித்துக்கொண்டு, அவற்றின் தொகையை மட்டும் கூட்டிப் பாருங்கள். மிளகுக்குக் கூட்டினால் திட்டம் மலிவாக வந்தது. ஜிம்மிக்குக் கூட்டினால் தவணைத் தொகை எங்கோ மேலே நின்றது.

சரி, மிளகின் பரிசோதனைக்கு வருகிறேன். இந்தத் திட்டத்தில் காசுக்குப் பெறுமானம் உள்ள விஷயம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன், தடுப்பூசியை அல்ல.

டாக்டர் முதலில் அவளைத் தொடவே இல்லை. கூடையின் மேல்மூடியை மட்டும் கழற்றி, கீழ்த்தட்டிலேயே அவளைப் படுக்க விட்டுவிட்டு, ஓரமாக நின்று விலா ஏறி இறங்குவதை எண்ணினார். வீட்டிலும் பூனை நன்றாகத் தூங்கும்போது இப்படி எண்ணிப் பார்க்கச் சொன்னார். நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து போனால் போன் செய்ய வேண்டுமாம். மூச்சை எண்ணிக்கொண்டே என்னிடம் கேள்வி: "சன்னல் மேல ஏறுறாளா சார்? ஒரே தாவலா, இல்ல நடுவுல நாற்காலியில கால் வச்சா?" யோசித்துப் பார்த்தால், கொஞ்ச நாளாக நாற்காலி வழியாகத்தான். வயதான பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் வருவது சர்வ சாதாரணம், ஆனால் அவை நொண்டிக் காட்டாமல் குதிப்பதைக் குறைத்துக்கொள்ளும் என்றார். கால் நகங்களையும் ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பார்த்தார். ஓட்டம் குறைந்த பூனைக்கு நகம் தேயாமல் வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்திக்கொள்ளுமாம்.

பிறகுதான் கை வைத்தார். மேலுதட்டை விரலால் தூக்கி, ஈறை ஒரு அழுத்து அழுத்தி விட்டார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். தாடைக்கு அடியிலும் தோளுக்கு முன்னாலும் பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தொண்டையின் இரு பக்கமும் வைத்து, மேலிருந்து நெஞ்சு வரை மெதுவாக வழித்துக்கொண்டே வந்தார். தைராய்டு வீங்கியிருந்தால் அங்கே சின்ன உருண்டை ஒன்று விரலுக்கடியில் நழுவும். ஸ்டெதஸ்கோப் ஒரு கையில், மறுகை தொடையின் உட்புற நாடியில். இதயம் துடிப்பதும் நாடி அடிப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திச் சிறுநீரகங்களைத் தேடிப் பிடித்தபோது கொஞ்சம் நிதானித்தார். "இடது பக்கம் சின்னதா இருக்கு" என்றார், என்னிடம் சொன்னாரா தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை.

அப்புறம் எடை. 4.2 கிலோ. ஆறு மாதத்துக்கு முந்தைய குறிப்பில் 4.6 என்று இருந்தது. நானூறு கிராம்தானே என்ற என் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "எழுபது கிலோ ஆளுக்கு ஆறு கிலோ இறங்கின மாதிரி சார் இது." வகுத்துப் பார்த்தேன். கணக்கு சரிதான், கிட்டத்தட்ட 9 சதவீதம். தினமும் கூடவே இருக்கிற கண்ணுக்கு இது தெரியாது. அதுவும் கறுப்பு ரோமம் அடர்ந்த பூனை. ஒரே தராசில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதி வைத்த இரண்டு எண்கள்தான் காட்டிக்கொடுத்தன.

ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள், இயல்பு வரம்புக்குள்தான் இருந்தது. மனித டாக்டர்களிடம் போய்ப் பழகியவர்கள் அதோடு நிம்மதியாகிவிடுவோம். ஆனால் பூனையின் சிறுநீரகம் ஏறத்தாழ முக்கால்வாசிச் செயல்திறனை இழந்த பிறகுதான் கிரியாட்டினின் வரம்பு தாண்டும். போதாததற்கு, தசை மெலிந்த உடம்பில் அந்த அளவு இன்னும் குறைத்தே காட்டும். எஸ்.டி.எம்.ஏ. என்று இன்னொரு பரிசோதனை இருக்கிறது. 2015 வாக்கில்தான் கிளினிக்குகளின் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் சேர்ந்தது. தசையின் அளவு அதைப் பாதிப்பதில்லை, சிறுநீரகக் குறைபாட்டை முன்னதாகவே காட்டும். மிளகுக்கு அது லேசாக ஏறியிருந்தது. சிறுநீரில் ஒரு சொட்டைச் சின்னக் கண்ணாடித் தட்டில் விட்டு, கருவி வழியாக வெளிச்சத்தில் பார்த்து அடர்த்தி சொன்னார்கள்: 1.022. ஆரோக்கியமான பூனை தண்ணீரை நன்றாகச் சேமித்து வைக்கும். அதனால் அடர்த்தி பொதுவாக 1.035க்கு மேலேயே நிற்கும். சில வாரம் கழித்து மறுபடி எடுத்தபோதும் இதே கதைதான். ஆகவே ஆரம்பநிலைச் சிறுநீரக நோய் என்று எழுதினார்.

இதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் இடிந்து போய்விட்டோம் என்றெல்லாம் இல்லை. வயதான பூனைகளில் பரவலாக வருவதுதான். முன்கூட்டித் தெரிந்ததில் லாபம் என்ன என்றால், செய்ய வேண்டியவை எல்லாம் எளிதாக இருக்கும்போதே செய்ய முடிகிறது. தண்ணீர்க் கிண்ணங்களைப் பல இடங்களில் வைத்தோம். உலர் உணவைக் குறைத்து ஈர உணவுக்கு மாற்றினோம். சிறுநீரகத்துக்கென்று தனியாக வரும் பாஸ்பரஸ் குறைந்த உணவு இப்போதே வேண்டாம், அடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். வலி, காய்ச்சல் என்று எதற்கும் வீட்டு அலமாரியிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

இந்த இடத்தில் எனக்குத் திட்டத்தின் மேல் முதல் கோபம். ஒன்பது வயதுப் பூனை எடை இறங்கினால் தைராய்டு ஹார்மோனையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் பூனை மெலியும். அதோடு சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, அங்கே இருக்கும் கோளாறை மறைத்தும் வைக்கும். ரத்த அழுத்தம் ஏறினால் கண்ணின் விழித்திரை கழன்று ஒரே நாளில் பார்வை போய்விடலாம். இந்த இரண்டுமே திட்டத்தில் இல்லை. "கூடுதல் சேவை" என்று தனியாகப் பணம் கட்டினோம். அதே திட்டத்தில் வருடாந்திர நகம் வெட்டலும் காது சுத்தமும் பிறந்தநாள் குளியலும் இருக்கின்றன! மூத்த பூனைகளுக்கான பிரிவு என்று பெயர் வைத்துவிட்டு, அவற்றுக்கு முக்கியமான இரண்டை வெளியே விட்டவர்கள் யாரோ தெரியவில்லை. கண்டிப்பாக டாக்டராக இருக்க முடியாது.

ரத்த அழுத்தம் பார்த்த விதத்துக்குத் தனியாக ஒரு சபாஷ். பூனையைப் பிடித்து இழுத்துப் பட்டை கட்டினால், பயத்தில் ஏறிய அழுத்தம்தான் பதிவாகும். இவர்கள் விளக்கைக் குறைத்து, அறையில் பத்து நிமிடம் அவளைச் சும்மா இருக்க விட்டு, முன்னங்காலில் குட்டிப் பட்டை ஒன்றைச் சுற்றிப் பல தடவை எடுத்தார்கள். முதல் அளவைத் தள்ளிவிட்டு, மீதியின் சராசரியை எழுதினார்கள். 150ஐ ஒட்டி நின்றது. 160க்கு மேல் போய் அங்கேயே நிலைத்தால்தான் மருந்து. தைராய்டும் சரியாக இருந்தது.

இப்போது ஜிம்மி.

அவன் உடம்புக்கு ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம். டாக்டர் அவனை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து அவன் விலாவின் மேல் வைத்துக் காட்டினார். விரல்களை நீட்டிக் கையைத் தட்டையாக வைத்துக்கொண்டு புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, அப்படி விலா தட்டுப்பட்டால் எடை சரி. முஷ்டியை மடக்கி முட்டிகளைத் தடவுவது போல எலும்பு துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்தால் கொழுப்பு. தராசே இல்லாமல் வீட்டில் வாராவாரம் பார்க்கக்கூடிய சோதனை இது. எடை விஷயத்தில் அவர் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. லாப்ரடார் நாய்கள் 48ஐ ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2002இல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை இடைநிலைக் கணக்கில் (அதாவது, பாதி நாய்கள் தாண்டிய வயது) 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11.2 வருடம். எந்த மருந்தும் ஊசியும் இல்லாமல் ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதல். திட்டத்தின் விளம்பரத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எப்படி இருக்கும், இதற்குக் கட்டணம் போட முடியாதே.

ஜிம்மியின் தடுப்பூசியில்தான் தகராறு. டிஸ்டெம்பர், அடினோவைரஸ், பார்வோ ஆகிய மூன்று வைரஸ் நோய்களுக்கும் குட்டிப் பருவத்து ஊசிகளையும் அதை அடுத்த பூஸ்டரையும் ஒழுங்காகப் போட்டு முடித்த நாய்க்கு, மூன்று வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் தேவையில்லை என்பதுதான் டபிள்யூ.எஸ்.ஏ.வி.ஏ. என்கிற உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். எலிக் காய்ச்சல் ஊசி வேறு விதம். அதன் பாதுகாப்பு ஒரு வருடம்தான் நம்பகமாக நிற்கும், ஆகவே நோய் உள்ள இடங்களில் வருடாவருடம் போட வேண்டும். ரேபிஸ் ஊசி எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதை மருந்தின் லேபிளும் அந்தந்த நாட்டுச் சட்டமும் முடிவு செய்யும். அதில் யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய்க்கடியால்தான் வருகிறது. அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க வழி இல்லை.

டாக்டரும் இதையேதான் சொல்கிறார். ஆனால் திட்டத்தில் "அனைத்துத் தடுப்பூசிகளும், ஆண்டுதோறும்" என்று அச்சடித்திருக்கிறது. முன்மேசையிலிருந்து, இந்தந்த ஊசிகளுக்கு நாள் கடந்துவிட்டது, உடனே வரவும் என்று சிவப்பு எழுத்தில் மெசேஜ் வருகிறது. டாக்டர் வேண்டாம் என்று குறித்துக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "சிஸ்டம் அப்படித்தான் அனுப்பும் சார், நீங்க கண்டுக்காதீங்க" என்றார் அந்தப் பையன். கண்டுகொள்ளாமல் இருக்கலாம்தான். ஆனால் போடாத ஊசிக்கும் சேர்த்துத்தானே தவணை போகிறது? அதற்குப் பதில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவைப் பார்க்கும் சோதனையாவது சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டேன். டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ மூன்றுக்கும் அந்தச் சோதனையின் முடிவை நம்பலாம். திட்டத்தில் மாற்றம் செய்ய வழி இல்லையாம்.

உண்ணி மருந்து விஷயத்தில் இருவருக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாய்க்கு மாத்திரை தருகிறார்கள். மாதம் ஒன்று போடுவதும் உண்டு, 12 வாரத்துக்கு ஒன்று போடுவதும் உண்டு. எடைக்கு ஏற்ற அளவு என்பதால், ஒவ்வொரு தடவையும் எடை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள், சந்தோஷம். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாயா என்றும் கேட்டார்கள். அந்த வகை மாத்திரைகளால் சில பிராணிகளுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் எச்சரித்திருக்கிறது, அதனால் இந்தக் கேள்வி அவசியமானது. பூனையும் நாயும் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும் வீடுகளுக்கு டாக்டர் கொடுத்த எச்சரிக்கை இன்னும் முக்கியம். நாயின் முதுகில் விடும் சொட்டு மருந்துகளில் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு அது விஷம். பூனைக்குத் தடவவே கூடாது என்பது ஒரு பக்கம். நாய்க்குத் தடவியது காய்வதற்குள் பூனை அதன் மேல் உரசினாலும் நக்கினாலும் ஆபத்துதான். எங்கள் வீட்டுக்கு மாத்திரையே போதும் என்று அவராகவே எழுதினார்.

பல் சுத்தம். இதில் திட்டம் இரண்டு தட்டுகளாக இருக்கிறது. மேல்தட்டில் மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்வது. கீழ்த்தட்டில் "மயக்கமின்றி மென்மையான பல் சுத்தம்". இந்தக் கீழ்த்தட்டுச் சேவையை யாரும் வாங்க வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வெளியே தெரியும் மஞ்சள் காரையைச் சுரண்டி எடுத்தால் பல் பளிச்சென்று ஆகும். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். விழித்திருக்கிற பிராணியின் ஈறுக்கடியில் கருவியை நுழைக்க முடியாது, எக்ஸ்ரேயும் எடுக்க முடியாது. பார்வைக்குச் சுத்தமான வாயை வைத்துக்கொண்டு, உள்ளே வேர் அழுகுவது தெரியாமல் இருப்போம். பூனைகளுக்குப் பல்லே உள்ளுக்குள் கரைந்து போகும் நோய் ஒன்று உண்டு, அதை உறுதி செய்ய எக்ஸ்ரே வேண்டும். மிளகுக்கு மேல்தட்டுத் திட்டம் என்பதால் முறைப்படி நடந்தது. சிறுநீரகத்தை நினைத்து, மயக்கம் கொடுக்கும் முன்பிருந்தே ஊசி வழியாக நீர் ஏற்றி, இடையிடையே ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். பூனைக்கு 30 பல், ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் குறிப்பு எழுதி என் கையில் கொடுத்தார்கள். ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டியிருந்தது. அதற்குத் தனிக் கட்டணம். அதை முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள், ஆகவே குறை சொல்ல மாட்டேன். வீட்டில் தினமும் தேய்ப்பதற்குப் பிராணிகளுக்கான பற்பசை மட்டும்தான். நம் பேஸ்ட் அவற்றுக்கு ஆகாது, துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு உயிருக்கே ஆபத்து.

தடுப்பூசி போடுகிற விதத்தில் ஒன்று கவனித்தேன். மிளகுக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவே போடாமல், காலில், அதுவும் முட்டிக்குக் கீழே போட்டார்கள். மிக அரிதாகப் பூனைகளுக்கு ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருவதுண்டு. காலில் வந்தால் காலை எடுத்தாவது உயிரைக் காப்பாற்றலாம், முதுகில் வந்தால் கஷ்டம். போட்ட இடத்தில் வீக்கம் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தாலோ, 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரு மாதம் கழித்தும் வளர்ந்துகொண்டே போனாலோ கொண்டுவாருங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஊசிக்குப் பின் அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள். முகம் வீங்குவது, வாந்தி போன்ற ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் சீக்கிரமே காட்டிவிடும். காத்திருக்கும் இடத்தில் பூனைக்கும் நாய்க்கும் தனித்தனிப் பக்கம், கூடையை வைக்க இடுப்பளவு உயரத்தில் பலகை, மேலே போர்த்த சுத்தமான துண்டு. தரையில் கூடையை வைத்தால், வருகிற நாயெல்லாம் மூக்கை நுழைத்துவிட்டுப் போகும், உள்ளே இருப்பதற்கு உயிர் போய்விடும். இந்தப் பலகைக்காகவே சிலர் இங்கே வரலாம்.

குட்டிகளுக்கான பிரிவைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அக்கா வீட்டில் இதே கிளினிக்கில், எட்டு வார நாய்க்குட்டிக்குச் சேர்த்தார்கள். அவளுடைய பைலை வாங்கிப் பார்த்தேன், கணக்குப் பிள்ளைக்கு வேறு வேலை என்ன. அங்கே திட்டம் முழுக்கப் பயன்படுகிறது. முதல் சில மாதங்களில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி, அடிக்கடி குடற்புழு மருந்து, தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், கருத்தடை ஆபரேஷன் ஆலோசனை என்று எல்லாமே வேண்டியிருக்கிறது. எதுவும் மிச்சம் விழுவதில்லை.

அதில் ஒன்றைச் சேருகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்: கடைசி ஊசி எந்த வாரத்தில்? தாயிடமிருந்து குட்டிக்கு வரும் எதிர்ப்புச் சக்தி, போடுகிற தடுப்பூசியையும் சேர்த்தே முறியடித்துவிடும். அது எந்தக் குட்டிக்கு எப்போது வடியும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ அமைய வேண்டும். 12 வாரத்தோடு அட்டையை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், சில குட்டிகள் பாதுகாப்பே இல்லாமல் நிற்கும். பார்வோ 1978இல் உலகம் முழுக்கத் திடீரென்று பரவிய வைரஸ். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கு மசியாது, பிளீச்சிங் திரவம் வேண்டும். அக்கா வீட்டுக் குட்டியின் அட்டையில் 16 வாரமும் இருந்தது, 26 வாரத்தில் இன்னொன்றும் இருந்தது. அந்த இரண்டாவதற்கும் காரணம் இதுதான்: முந்தைய ஊசிகள் எல்லாம் பலிக்காமல் போயிருந்தால் ஒரு வருடம் வரை காத்திருக்க வைக்காமல் இருப்பதற்கு.

மைக்ரோசிப்பில் அவர்கள் சொதப்பினார்கள். சிப் போட்டது சரிதான். அரிசி அளவு, பேட்டரி கிடையாது, போடும் முன்பும் பின்பும் ஸ்கேனரில் 15 இலக்க எண்ணைப் படித்துக் காட்டினார்கள். ஆனால் அது ஜி.பி.எஸ். அல்ல. காணாமல் போன நாயை யாராவது பிடித்துக்கொண்டு போய் ஸ்கேன் செய்தால் ஒரு எண் வரும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு எதிரே யாருடைய போன் நம்பர் பதிவாகியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அக்கா தற்செயலாகச் சரிபார்த்தபோது அங்கே கிளினிக்கின் பழைய நம்பர் இருந்தது, அதுவும் உபயோகத்தில் இல்லாத நம்பர். மாற்றச் சொன்னதற்கு, பதிவு நிறுவனத்திடம் நீங்களே எழுதுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அவள் எழுதி, மாற்றி, மறுபடி சரிபார்த்தும் விட்டாள். சிப் போட்ட எல்லோரும் இன்றைக்கே தங்கள் எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

கடைசியாகப் பத்திரங்கள். திட்டம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாம் என்றால் முடிவுத் தேதிக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால், மீதித் தவணைகளைக் கட்டு, அல்லது அதுவரை வாங்கிய சேவைகளின் தனி விலைக்கும் கட்டிய தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டு, எது குறைவோ அது. படிக்கும்போது கறாராகத் தெரிந்தாலும் நியாயமான ஷரத்துதான். முதல் மாதமே பல் சுத்தத்தை முடித்துக்கொண்டு ஓடிவிடுகிறவர்களும் இருப்பார்கள் இல்லையா. பிராணி இறந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். அதே ஷரத்துதான் பொருந்தும் என்றார்கள். இது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வயதான பூனைக்குச் சேர்கிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே போல ரிப்போர்ட்டுகள், எடைக் குறிப்பு, பல் வரைபடம் எல்லாவற்றின் நகலையும் ஒவ்வொரு தடவையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ராத்திரி அவசரத்துக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், போன தடவை கிரியாட்டினின் எவ்வளவு என்று அங்கே கேட்பார்கள். இந்தக் கிளினிக்கில் இரவு சேவை கிடையாது, போனில் ஆலோசனை மட்டும்தான்.

மிளகுக்குப் புதுப்பித்துவிட்டேன். தைராய்டையும் ரத்த அழுத்தத்தையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கேட்டதில், ரத்த அழுத்தத்தை மட்டும் சேர்க்கச் சம்மதித்தார்கள். பிறந்தநாள் குளியலை எடுத்துவிடச் சொன்னேன், அது முடியாதாம். மிளகைக் குளிப்பாட்ட நினைக்கிற ஆளை நேரில் பார்க்க எனக்கும் ஆசைதான். ஜிம்மிக்கு வருடத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டி அதே டாக்டரிடம் முழுப் பரிசோதனை, எலிக் காய்ச்சல் ஊசி, சட்டப்படி ரேபிஸ், உண்ணி மாத்திரை. மூன்று வருட ஊசிகளின் தேதியை நானே காலண்டரில் குறித்துவிட்டேன். திட்டம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ரசீதும் வாங்கியாயிற்று. நேற்றும் சிவப்பு எழுத்தில் மெசேஜ் வந்தது.